பூசண அறையில் இட்லி மாவு

எங்கள் ஊர் பிராந்திக்கடையை எடுக்கச் சொல்லிக் கொட்டுகிற மழையில் நடுரோட்டில் உட்கார்ந்தவன் நான். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள், சாம்பார் சாதம் போட்டார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கடை அரை மைல் தள்ளிப் போனது. குடிக்கிறவர்கள் அரை மைல் கூடுதலாக நடந்தார்கள். அவர்கள் உடம்புக்கு என்னால் ஆன நன்மை அது. ஆனாலும் குடவாசல் வட்டாரத்தில் மதுவிலக்கு என்று எவன் மேடை போட்டாலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அப்படிப்பட்டவனுக்கு ஆண்டவன் ஒரே ஒரு பெண்ணைக் கொடுத்து, அந்தப் பெண்ணை ஜப்பானில் ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பி, அரிசியில் மது செய்ய வைத்தான். அவன் குசும்புக்கு ஓர் அளவு வேண்டாமா?

அவள் என்ன செய்கிறாள் என்பது அங்கே போய் இறங்கும்வரை எனக்குத் தெரியாது. தஞ்சாவூரில் நுண்ணுயிரியல் படித்தாள். மேற்படிப்புக்கு ஜப்பான் போனாள். படிப்பு முடிந்ததும், "இங்கயே ஒரு அரிசிக் கம்பெனியில வேலைப்பா. புளிக்க வைக்கிற ஆராய்ச்சி" என்றாள். நான் ஊரெல்லாம் அரிசி ஆராய்ச்சி என்று சொன்னேன். ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வயல்காரர் குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று அவளைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். இன்னொருத்தர் ஜப்பான் விதைநெல் ஒரு மூட்டை கிடைக்குமா என்றார். டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். எல்லா மரியாதையையும் நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மாசியில் சம்பா அறுவடை முடிந்தது. உளுந்து முளைத்துக் கிடந்த வயலைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரியும் கிளம்பினோம். எங்கள் பக்கம் கோடியக்கரைக்கு எங்கெங்கிருந்தோ பறவைகள் குளிருக்குப் பயந்து வரும். நாங்கள் அந்தக் குளிரைத் தேடி எதிர்த் திசையில் பறந்தோம். பறவைக்கு இருக்கிற புத்தி மனுஷனுக்கு இல்லை. என் வீட்டுக்காரிக்குப் பெண்ணைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் கணக்கு வேறு. திருத்துறைப்பூண்டியில் நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. பையன் என்ஜினியர், நஞ்சை இருக்கிறது, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம். பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

புறப்படுவதற்கு முன் மகள் போனில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மா, தயிர் வேணாம், ஊறுகாய் வேணாம். முக்கியமா இட்லி மாவு கொண்டு வரவே கூடாது. நான் இருக்கிற இடத்துக்குப் புளிச்சது எதுவும் ஆகாது."

"ப்ளேன்ல எவளாச்சும் மாவு கொண்டு போவாளாடி? எனக்கென்ன கிறுக்கா?" என்று என் வீட்டுக்காரி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். பிறகு இட்லி அரிசி, உளுந்து, வெந்தயம் மூன்றையும் தனித்தனிப் பையில் கட்டிப் பெட்டியில் வைத்தாள். நான் பார்த்தேன். அவள் மாவு கொண்டுவரவில்லை என்பது உண்மைதானே என்று விட்டுவிட்டேன்.

மகள் எங்களை நேரே ஒரு புத்தர் கோயிலுக்குத்தான் கூட்டிப் போனாள். வெளியூர்க்காரர்கள் அங்கே தங்கலாம். "நான் வேலை பாக்கிற வீட்டுல எதுல பாத்தாலும் மீன் போடுவாங்கப்பா. ரெண்டு நாள் இங்க இருங்க. சுத்த சைவம். வெங்காயம் பூண்டுகூட கிடையாது" என்றாள். நாங்கள் பரம்பரையாகச் சைவம். இவ்வளவு தூரம் வந்து கிருத்திகைச் சாப்பாடு கிடைக்கிறதே என்று என் வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு வந்தது. ஆளுக்கொரு சிவப்புத் தட்டு, அதன்மேல் குங்குமச் சிமிழ் மாதிரி குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய ஒன்று. மலையில் பறித்த கீரை ஒரு பிடி. காய்ந்த முள்ளங்கி. கடற்பாசி கொதிக்க வைத்த சாறு. பார்க்க அழகாக இருந்தது. சாப்பிட வைத்தார்களா, கொலு வைத்தார்களா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

"கடல்ல இருக்கிறது எப்படிங்க சைவமாகும்?" என்று அவள் என் காதில் கேட்டாள்.

"உப்பும் கடல்லதான் இருக்கு. பேசாம சாப்பிடு."

பேசத்தான் கூடாதாம். சாப்பிடும்போது சத்தமே வரக் கூடாதாம். ஓர் இளம் பிக்கு சோற்றுப் பாத்திரத்தோடு மறுபடி வந்தார். எங்கள் பக்கத்துப் பந்தியில் ஒரு முறை உண்டு: எவ்வளவு பசி இருந்தாலும் முதல் தடவை 'போதும் போதும்' என்று இலைக்கு மேல் இரண்டு கையையும் விரிப்போம், பரிமாறுகிறவர் கையை விலக்கிக் கரண்டியைக் கவிழ்ப்பார், நாம் 'அட, என்னங்க இது' என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம். நானும் மரியாதைக்குக் கையை விரித்தேன். அந்தப் பிள்ளை குனிந்து வணங்கிவிட்டு அப்படியே போய்விட்டது. திரும்பி வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மரியாதை பார்த்த பாவத்துக்கு அன்றைக்கு அரைப் பட்டினி.

கடைசியில் ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயை மிச்சம் வைக்க வேண்டும். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அந்தத் துண்டால் சுற்றித் துடைத்து, அந்தத் தண்ணீரையே குடிக்க வேண்டும். ஒரு பருக்கை வீணாகக் கூடாது என்பதற்காக. என் வீட்டுக்காரி கிண்ணத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத எங்க ஊர்ல மாட்டுக்குத்தான்டி வைப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணை மூடிக் குடித்தாள்.

தட்டுகளை எடுத்த பிறகு பெரிய பிக்கு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு சின்னப் பீங்கான் ஜாடி, மூன்று சிறு கிண்ணங்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "இதுக்கு ஞானக் கஷாயம்னு பேருப்பா. சாமியாருங்க மது குடிக்கக் கூடாதுல்ல. அதனால அந்தக் காலத்துல பேர மாத்தி வச்சுக்கிட்டாங்களாம்."

"வெங்காயம் ஆசையத் தூண்டும்னு ஒதுக்கிட்டு இதக் குடிப்பாங்களா? கேளு அவர."

அவள் கேட்டாள். பிக்கு தொடையில் தட்டிச் சிரித்தார். "வெங்காயத்துக்கு நல்ல பேர் வைக்க யாருக்கும் தோணலையாம்ப்பா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் சொன்னாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. இது எங்க கம்பெனியில செய்றது."

"எது, இந்த ஜாடியா?"

"ஜாடிக்குள்ள இருக்கிறது."

அரிசி ஆராய்ச்சி! குருத்துப்பூச்சிக்கு மருந்து கேட்ட மனுஷனின் முகம் கண்முன்னால் வந்தது. அந்தப் பிக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததால் கத்த முடியவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாகவே திட்டினேன். "சாராயமா காய்ச்சுற நீ?"

"சாராயம் இல்லப்பா. அது காய்ச்சி வடிக்கிறது. இது புளிக்க வைக்கிறது. சாக்கேன்னு பேரு."

"கள்ளும் புளிக்க வைக்கிறதுதான். குடிச்சவன் விழுற சாக்கடை ஒண்ணுதான்."

என் வீட்டுக்காரிக்கு இந்த வழக்கில் எந்த அக்கறையும் இல்லை. அவள் மகளின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழுத்தெலும்பு தெரியுதுங்க. இந்தத் தீப்பெட்டிச் சாப்பாட்டத் தின்னா எப்படித் தேறும்? நாலு இட்லி தின்னா சரியாயிடுவா."

மகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்த ஆலை சின்னது, ஒரு குடும்பத்துடையது, குளிர்காலத்தில் மட்டும் நடப்பது. ஆலைக்காரப் பெரியவர் இந்த வருஷம் முதல் தடவையாக ஒரு சின்னத் தொட்டியை அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார். அரிசி கழுவுவதிலிருந்து பிழிந்து எடுப்பதுவரை அவள் கைதான். அது நன்றாக வந்தால் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வார். வராவிட்டால் இந்தக் குளிரோடு வேலை முடிந்தது, ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான். "எனக்கு இது வேணும்ப்பா" என்றாள். சின்ன வயதில்கூட அவள் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் கோயில் மண்டபத்தில் புத்தர் முன்னால் போய் உட்கார்ந்தேன். புத்தர் எனக்குப் புதுசு இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் வயல் நடுவே ஒருத்தர் இருக்கிறார். உழும்போது கிடைத்தவர், மூக்கு உடைந்திருக்கும். யார் என்று தெரியாமல் முனி என்று பேர் வைத்து, ஆடியில் சுருட்டும் ஒரு குவார்ட்டரும் படைக்கிறார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தின் உரிமையில் இந்தப் புத்தரிடம் நேராகவே கேட்டேன்: சாமி, அந்தத் தொட்டி கெட்டுப்போகணும். பெத்தவன் கேட்கிறேன். திருத்துறைப்பூண்டிக்காரர்கள் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஆலைக்குப் போனோம். பெரியவர் குட்டையான மனிதர், எழுபதைத் தாண்டியவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். குனிந்து குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போயிற்று.

முதலில் மகள் அரிசி தீட்டும் மிஷினைக் காட்டினாள். நமக்கும் மில் தெரியாதா? உமி போகும், கொஞ்சம் தவிடு போகும், அரிசி நிற்கும். இங்கே அரிசியைப் போட்டுத் தீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டால், பாதி அரிசியைத் தீட்டித் தள்ளிவிட்டு நடுவில் இருக்கிற முத்தை மட்டும் எடுப்பார்களாம். கோயிலில் ஒரு பருக்கைக்குக் கிண்ணம் கழுவிக் குடிக்கச் சொன்ன அதே ஊர்! "பாதி நெல்ல மாவாக்கிக் குப்பையில போடுறதுக்கா மனுஷன் முழங்கால் சேத்துல நிக்கிறான்?" என்று கேட்டேன். "குப்பையில போட மாட்டாங்கப்பா, பிஸ்கட் பண்ணுவாங்க" என்றாள்.

அப்புறம் அந்த அறை. சுவரெல்லாம் தேவதாரு மரப்பலகை. வெளியே பனி கிடக்க, கதவைத் திறந்தால் சித்திரை மத்தியானம் மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது. வேகவைத்த அரிசியை உள்ளே பரப்பி, அதன்மேல் கோஜி என்கிற பூசணத்தைத் தூவி, இரண்டு நாள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்களாம். பூசணம் பூத்தால்தான் அரிசி இனிக்கும், இனித்தால்தான் சாக்கே. நம் வீட்டில் பூசணம் பூத்தால் பாத்திரத்தோடு கொல்லையில் கொட்டுவோம். மகள் வாசலிலேயே எங்களை நிறுத்தினாள். "யாரும் உள்ள வரக் கூடாது. நாங்களே குளிச்சு, துவச்ச துணி மாத்திட்டுத்தான் போவோம். ரொம்ப சுத்தமா இருக்கணும்."

என் வீட்டுக்காரி பக்தியோடு தலையாட்டினாள். அவளுக்கு அது முழுசாகப் புரிந்துவிட்டது. அவள் வீட்டுப் பூஜை அறைக்கும் அதே சட்டம்தானே.

ஆலையை ஒட்டிய வீட்டின் மாடியில் மகளுக்கு ஓர் அறை, ஒரு சின்ன அடுப்பு, அங்கேயே வாங்கிய ஒரு மிக்ஸி. கோயிலைக் காலி செய்துகொண்டு நாங்களும் அங்கே தங்க வந்துவிட்டோம். வந்த அன்றைக்கே அரிசியும் உளுந்தும் ஊறின. மகள் கீழே அவளுடைய அரிசியைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் மேலே மாவு அரைபட்டது. "அவ வேணாம்னு சொன்னாளே" என்று நான் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொன்னேன். "கொண்டு வரத்தானே வேணாம்னா? இது இங்க அரைச்சது" என்றாள். எந்த வக்கீலும் இதற்குப் பதில் சொல்ல மாட்டான். மாவு ஊற்றிய தூக்குச்சட்டியை மகள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். திடீரென்று ஒரு காலையில் இட்லியாக நீட்டி ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்.

மாவு பொங்கவில்லை. அந்தக் குளிரில் எப்படிப் பொங்கும்? கம்பளியைச் சுற்றினாள், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், விநாயகரை வேண்டினாள். மாவு கல் மாதிரி கிடந்தது. அங்கே மகளுடைய அரிசி வெந்து அந்தச் சூடான அறைக்குள் போயிருந்தது. அவள் நேரம் காலம் இல்லாமல் அதைப் போய்ப் பார்த்துக் கிளறிவிட்டு வந்துகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெற்றவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க இட்லி வெறி ஏறியது.

மறுநாள் மத்தியானம் ஆலை மொத்தமும் சாப்பிடப் போயிருந்தபோது என் வீட்டுக்காரி தலைக்குக் குளித்தாள். துவைத்து மடித்த புடவையைக் கட்டினாள். நெற்றியில் விபூதி. கோயிலுக்குக் கிளம்புகிறாள் போல என்று நான் போர்வைக்குள் படுத்திருந்தேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு நேரே பூசண அறைக்குப் போய், மூலையில் மடித்துவைத்த துணிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள். பூட்டு கிடையாது. எவன் போய்ப் பூசணத்தைத் திருடப் போகிறான்?

விடிந்து கொஞ்ச நேரத்தில் மகள் மாடிப்படி ஏறி வந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி அந்தத் தூக்கைப் பிடித்திருந்தாள். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அவள் மணிக்கட்டில் ஒழுகியது.

"அம்மா, இது என்னம்மா?"

"அட, பொங்கிடுச்சா!" என்று என் வீட்டுக்காரி வாயெல்லாம் பல்லாக எழுந்தாள்.

மகள் கத்தவில்லை. தூக்கைக் கீழே வைத்தாள். மெல்ல, டீச்சர் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாள். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் ஒரு கிருமிதான். அது காற்றிலே பறந்து அவளுடைய பூசணத்துக்குள் போயிருக்கும். தரையில் வழிந்திருக்கிறது, துணியில் பட்டிருக்கிறது. இனி அந்த அரிசியைத் தொட்டியில் போட முடியாது. போட்டால் மற்றத் தொட்டிகளும் புளித்துப்போகும். அத்தனையும் வெளியே கொட்ட வேண்டும். இதற்காகத்தான் தயிர்கூட வேண்டாம் என்றது.

"நான் குளிச்சு மடியாத்தானேடி போனேன். தீட்டு ஒண்ணும் இல்லையே" என்றாள் என் வீட்டுக்காரி.

முற்றத்துப் பனியில் மூட்டை மூட்டையாக அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெள்ளைப் பூசணம் பூத்த அரிசி. சுட்ட பனங்கிழங்கு மாதிரி ஒரு வாசனை. என் வீட்டுக்காரி குனிந்து நாலு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகள் அறைக்குள் மண்டியிட்டு வெந்நீர் ஊற்றிப் பலகை பலகையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. நான் துள்ளிக் குதிக்க வேண்டியவன். ஆனால் அந்தத் தேய்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்று அழுகின வருஷம் நான் வயலில் நின்ற நிற்பு எனக்குத் தெரியும். இவள் முதுகு அதே மாதிரி இருந்தது.

வெளியே வந்தவள் என் எதிரில் நின்றாள். "வேணும்னே பண்ணீங்களாப்பா? சொல்லிடுங்க. நான் ஊருக்கு வரணும்னுதானே?"

"உங்கம்மாவுக்கு அவ்வளவு விவரம் பத்தாது பாப்பா. அவ உனக்கு இட்லி குடுக்கணும்னு பண்ணா."

"நீங்க?"

"நான் வேண்டிக்கிட்டேன். தொட்டி கெடணும்னு வேண்டிக்கிட்டேன்தான்! அது உங்கம்மா கையால இட்லி மாவா வரும்னு எவன் கண்டான்?" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வருகிற தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஆலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் நேரே அவரிடம் போனேன். "வா பாப்பா, நான் சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லு. தப்பு எங்களுது. இவ மேல ஒரு குத்தமும் இல்ல. இந்தப் பொண்ணு இன்னொரு தடவ சாராயம் காய்ச்சணும்னு அவ அப்பன் கேட்டுக்கிறான்னு சொல்லு."

"அப்பா, அது சாராயம் இல்ல."

"எந்த எழவோ! சொல்லுடி!"

சொன்னாள். எவ்வளவு சொன்னாள், எதை விட்டாள் என்று எனக்குத் தெரியாது. மதுவிலக்கு மேடையில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அங்கேயெல்லாம் எவனிடமும் தலை குனிந்ததில்லை. நான் குனிந்தேன். இந்தத் தடவை அவர் பதிலுக்குக் குனியும்வரை நிமிரக் கூடாது என்று குனிந்தே நின்றேன். கடைசியில் அவரும் குனிந்தார். பிறகு நாலு வார்த்தை சொன்னார்.

"இன்னொரு தடவைக்கு அரிசி இருக்காம். நாளைக்கே கழுவச் சொல்றாரு" என்றாள் மகள்.

"அப்புறம் என்ன? ஏன் அழற?"

"நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்கே போயிடணுமாம். உங்க துணி, பெட்டி எல்லாத்துலயும் அந்தக் கிருமி இருக்கும். ஆரம்பிச்சுட்டா நான் உங்கள வந்து பாக்க முடியாது. அறைக்கும் தொட்டிக்கும்தான் நடந்துகிட்டு இருக்கணும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவர்மேல் அவ்வளவு எரிச்சல்.

மிச்ச நாளெல்லாம் நாங்கள் கோயிலில் சத்தமில்லாமல் சாப்பிட்டோம். நான் கையை விரிப்பதை நிறுத்தியிருந்தேன். என் வீட்டுக்காரி கிண்ணம் கழுவிய தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தாள். பெண்ணைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்து, பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் ஆலைக்கூரையிலிருந்து கிளம்பும் ஆவியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து போன் வந்தது. பெண்ணுக்கு இப்போது தோதுப்படாது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை என்று கேட்டார்கள். சாக்கே செய்கிறாள், அரிசியில் செய்யும் மது என்று சொன்னேன். அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. டவர் இல்லையோ என்னவோ.

ஊருக்குக் கிளம்புகிற அன்று கோயில் வாசலில் டாக்ஸி நின்றது. மகள் போனில் கூப்பிட்டாள். அவளுடைய அரிசி அன்றைக்குத்தான் பூசண அறையில் பூக்கத் தொடங்கியிருந்ததாம்.

"அப்பா, பெரியவர் கொஞ்ச நேரம் நான் பாத்துக்கிறேன்னு சொல்றாரு. ஸ்டேஷனுக்கு ஓடி வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிடட்டுமா? அம்மாவத் தொடாம தள்ளியே நிக்கிறேன்."

என் வீட்டுக்காரி போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தள்ளி நிற்பாளாம். அம்மாவைப் பார்த்துவிட்டு இவளாவது தள்ளி நிற்பதாவது!

"வராத பாப்பா" என்றேன்.

"அப்பா..."

"வராதன்னா வராத. உள்ளேயே இரு. பூக்கிற நேரத்துல விட்டுட்டு வருவாங்களா?"

போனை வைத்துவிட்டேன். கையோடு அழைத்துப் போக வந்தவன் நான். டாக்ஸியில் என் வீட்டுக்காரி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. மலை திரும்பி, ஆவி கண்ணுக்கு மறைந்த பிறகு கேட்டாள்.

"இந்தத் தடவ நல்லா வந்துடுமாங்க அது?"

"வந்துடும்."

"நல்லா வந்துட்டா அவ இங்கயே இருந்துடுவாள்ல?"

"ஆமா. இருந்துடுவா."

கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் என்னன்னுங்க வேண்டிக்கிறது?"

"நல்லா வரணும்னு வேண்டிக்க" என்றேன்.

அவள் கண்ணை மூடிக் கையைக் குவித்தாள்.